சுருதி விலகிப் பாடும் உரிமை

மூன்றாம் மாடி அக்கா பாடியபோது நான் சிரித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் யார் யாரையெல்லாம் திட்டப்போகிறேனோ, அவர்களோடு அன்றைக்கு நானும் அதே பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

தென்சென்னையில் 72 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. ஒவ்வொரு பொங்கலுக்கும் கார் நிறுத்தும் இடத்தில் ஷாமியானா போட்டு விழா நடக்கும். காலையில் கோலப்போட்டி, மாலையில் உறியடி, குழந்தைகளுக்கு மாறுவேடம், இரவு 8 மணிக்கு மேல் ‘இன்னிசை இரவு’. இன்னிசை என்றால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு மடிக்கணினி, அதில் கரோக்கி ட்ராக். அந்த வருடம் 14 பாட்டுகள். அவற்றில் பெண்கள் பாடியவை மூன்று. அந்த மூன்றிலும் ஒன்று கடவுள் வாழ்த்து.

அக்காவுக்கு அப்போது 58 வயது. அரக்கு நிறப் பட்டுப்புடவை, தலையில் மல்லிகை, கையில் பாட்டு வரிகளை எழுதிய நோட்டு. ‘பதினாறு வயதினிலே’ படத்தில் எஸ். ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டை எடுத்துக்கொண்டார். பல்லவி நன்றாகத்தான் போனது. சரணத்தில் குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. பிடிக்கப் பார்த்தார், உடைந்தது. பின்வரிசையில் ஒரு பையன் அதே மாதிரி கீச்சென்று பாடிக்காட்டினான். பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். நான் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். பாட்டு முடிந்ததும் எல்லோரும் மிகப் பலமாகக் கைதட்டினோம். அந்தக் கைதட்டலில் இருந்த கேலி மேடை வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்றிரவே 38 விநாடி வீடியோ ஒன்று குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் வந்தது. குரல் உடைந்த இடம் மட்டும். கீழே வரிசையாகக் கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். அதில் ஒன்று நான் போட்டது.

அக்காவுக்கு முன்னால் பாடியவர் சங்கத்தின் பொறுப்பாளர் ஒருவர். எஸ்.பி.பி. பாட்டு. எடுப்பிலேயே தாளத்தை விட்டார். நிறுத்தி, சிரித்து, ட்ராக்கை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். இரண்டாம் சரணத்தின் வரிகள் மறந்துபோய் ‘லாலா’ போட்டார். “சார் கலக்கிட்டீங்க!” என்று கூட்டம் எழுந்து நின்றது. அவரையும் பத்துப் பேர் வீடியோ எடுத்தார்கள், அவருக்கே அனுப்பிப் பாராட்டுவதற்காக. அவர் சுருதி விலகியது ‘சாருக்கு என்ன ஒரு ஆர்வம்’ ஆனது. அக்கா சுருதி விலகியது ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா’ ஆனது. இரண்டு பேருக்கும் வயது ஏறக்குறைய ஒன்று.

நம் ஊரில் ஆண்கள் பாடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. தாளமே இல்லாமல் டீக்கடையில் பாடுவார்கள், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடுவார்கள், கல்யாண வீட்டில் மைக்கைப் பிடுங்கிப் பாடுவார்கள், சரக்கு உள்ளே போனால் தெருவுக்கே பாடுவார்கள். நன்றாகப் பாடத் தெரியாத ஆண் பாடினால் அது ஒரு சுபாவம். பெண் பாடினால் அது ஒரு விண்ணப்பம். குரல், புடவை, உடம்பின் பருமன், வயது, புருஷன் முகத்தில் என்ன தெரிகிறது, வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து மதிப்பெண் விழும். இத்தனையிலும் தேறினால்தான் பாட்டைக் கேட்பார்கள்.

இனி அந்த உடைந்த சரணத்துக்கு வருகிறேன். அது ஏன் உடைந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு தூக்கம் வரவில்லை.

கரோக்கி ட்ராக் என்பது பெரும்பாலும் படத்தில் பாடியவரின் சுருதியிலேயே இருக்கும். ஜானகியின் உச்சத்தைப் பயிற்சி இல்லாத குரல் தொடுவது கஷ்டம். தொட வேண்டிய அவசியமும் இல்லை. மடிக்கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் ட்ராக்கின் வேகம் மாறாமல் சுருதி மட்டும் அரைக்கட்டை இறங்கும். இரண்டு மூன்று தட்டு தட்டினால் யாருக்கு வேண்டுமோ அவர்கள் குரலுக்கு அது வந்து சேர்ந்துவிடும். டி.எம்.எஸ். பாட்டை டி.எம்.எஸ்.ஸின் சுருதியிலேயே பாட எங்கள் குடியிருப்பில் எந்த ஆணாலும் முடியாது. அதனால் இறக்கிக்கொள்கிறார்கள். மடிக்கணினி அவர்கள் கையில். விழாவுக்கு முன் நான்கைந்து நாள், இரவு நடை முடிந்ததும் கிளப் ஹவுஸில் கூடி, ஒவ்வொருவரும் தன் பாட்டைப் பாடிப் பார்த்து, “எனக்கு ரெண்டு கம்மி பண்ணு” என்று சொல்லிச் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் அந்த வீடுகளின் பெண்கள் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா மேடையேறுவதற்குச் சற்று முன், மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பையனிடம் ஒரு கட்டை இறக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். “இப்ப அதெல்லாம் மாத்த முடியாது ஆன்ட்டி, அப்படியே பாடுங்க, நல்லாத்தான் இருக்கும்” என்றானாம். இரண்டு தட்டு. பத்து விநாடி வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் பொதுவாகச் சற்றுத் தடித்துக் கீழே இறங்கும். தைராய்டு கோளாறு இருந்தால் கரகரப்பும் சேர்ந்துகொள்ளும். இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. தொழில்முறைப் பாடகிகளும் வயது ஏற ஏறச் சுருதியைக் குறைத்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். ஆனால் இருபது வயதில் எந்தச் சுருதியில் பாடினோமோ அதுவேதான் நம் குரல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஏனென்றால் நாம் கடைசியாகப் பாடியது இருபது வயதில். நடுவில் முப்பது வருடம் அந்தக் குரலோடு நமக்குப் பேச்சுவார்த்தை இல்லை. முப்பது வருடம் பூட்டிவைத்த தையல் மிஷினை எடுத்து எண்ணெய்கூட விடாமல் நேராகக் கல்யாண ரவிக்கை தைக்க உட்கார்ந்த மாதிரி மேடையில் போய் நிற்கிறோம். நூல் அறுந்தால் மிஷினைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சரி, பழகலாமே என்பீர்கள். எங்கே? அடுக்குமாடி வீட்டின் சுவர் மெல்லியது. கூடத்தில் மாமனார் செய்தி பார்க்கிறார், படுக்கையறையில் பிள்ளைக்குத் தேர்வு. ஸ்மூல் செயலியில் பாடும் பெண்களை எனக்குத் தெரியும். ஒருத்தி பகல் 11 மணிக்கு எல்லோரும் போன பிறகு பாடுகிறாள், நடுவில் கேஸ் சிலிண்டர் வந்தால் நிறுத்திவிட்டு. இன்னொருத்தி நிறுத்திவைத்த காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பாடுகிறாள். அவர்களின் முகப்புப் படத்தைப் பார்த்தால் ரோஜாப்பூ இருக்கும், தவழும் கிருஷ்ணன் இருப்பார், மயில் இருக்கும். அவர்கள் இருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கேட்கும் ஒரு குரலுக்கு முகம் வைக்க முடியாத காரணம் என்னவென்று கேட்டேன். “வீட்ல தெரிஞ்சா யார்கூட டூயட் பாடினேன்னு கேப்பாங்க” என்றாள்.

டூயட். அது ஒரு தனிக் கொடுமை. எங்கள் இன்னிசை இரவில் ஆண்கள் டூயட் பாடுவார்கள். கூடப் பாட எதிர்வீட்டுப் பெண்ணையோ மாடிவீட்டுப் பெண்ணையோ கூப்பிட மாட்டார்கள். அதற்கென்றே பெண்குரலை மட்டும் விட்டுவைத்த ட்ராக்குகள் இணையத்தில் கிடைக்கின்றன. பெட்டிக்குள்ளிருந்து சித்ரா பாடுவார், இந்தப் பக்கம் சங்க உறுப்பினர் பாடுவார். கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் 40 பெண்களில் சித்ராவின் பகுதியைப் பாடக்கூடியவர்கள் ஏழெட்டுப் பேராவது உண்டு. யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் “எதுக்கு வம்பு” என்று விட்டிருப்பார்கள்.

பாட்டுக்கும் நம் பெண்களுக்குமான உறவை யோசித்தால், பெண் பார்க்கும் படலம்தான் நம் ஊரின் மிகப் பழைய டேலண்ட் ஷோ என்று தோன்றுகிறது. நடுவர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிடுவார்கள். போட்டியாளர் ஒருத்தி மட்டும். “பொண்ணு பாடுமா?” என்று ஒரு மாமி தொடங்கிவைப்பார். பக்திப் பாட்டாக இருக்க வேண்டும், நீளமாக இருக்கக் கூடாது, ரொம்ப நன்றாகவும் இருக்கக் கூடாது. ரொம்ப நன்றாகப் பாடினால், ‘கச்சேரி கிச்சேரின்னு கெளம்பிடுவாளோ’ என்ற பயம் வந்துவிடும். பரிசு கிடைத்ததும் பாட்டு முடிந்தது.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. கல்லூரியில் மெல்லிசைக் குழுவில் இருந்தேன். மூன்று வருடம் கலைவிழாக்களில் பாடினேன், இரண்டு கோப்பை வாங்கினேன். கடைசியாக நான்கு பேர் முன்னால் பாடியது என் கணவர் வீட்டார் என்னைப் பார்க்க வந்த அன்று. அவர்களுக்குப் பாட்டு பிடித்திருந்தது. 23 வருடம் ஆகிறது. யாரும் என்னைப் பாடாதே என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். யாரும் பாடு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். நவராத்திரிக் கொலுவில் மட்டும் “ஒரு பாட்டுப் பாடேன்” என்பார்கள். சுண்டல் மடிக்கிற சத்தத்துக்கு நடுவில் ஒரு பாட்டு. ஆண்கள் யாரும் கேட்காத, வீட்டு வாசலைத் தாண்டாத மேடை அது. அதையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஒன்பது நாள் இல்லாவிட்டால் பல பெண்களுக்குத் தொண்டை என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருக்கும்.

ஏன் இப்படி ஆனது என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும். பாடுவதையே தொழிலாகக் கொண்ட பெண்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். வீணை தனம்மாள் இருந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் இருந்தார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் கோயில் எழுப்பத் தன் சொந்தப் பணத்தைக் கொட்டியவர் நாகரத்தினம்மாள். அதே திருவையாற்றில் நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று இருந்தது. காசு வாங்கலாம், குரல் கூடாது. அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. 1920களின் பிற்பகுதியில் பெண்களைத் திரட்டித் தனியாக ஒரு விழாவையே நடத்திக்காட்டினார். 1940களின் தொடக்கத்தில் கட்சிகள் ஒன்றானபோது பெண்களுக்கும் இடம் கிடைத்தது.

அவர்கள் தேவதாசி மரபில் வந்தவர்கள். 1947இல் பொட்டுக்கட்டுவதை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. ஒழிய வேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அந்தக் கொடுமையை உள்ளிருந்தே பார்த்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரைவிட அதைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர்கள் யார்? ஆனால் பாடிச் சம்பாதிக்கும் பெண் என்றாலே ‘ஒரு மாதிரி’ என்ற நினைப்பு அந்தச் சட்டத்தோடு ஒழியவில்லை. அந்த நினைப்பிலிருந்து தப்பிக்க, மேடையேற விரும்பிய மற்ற சாதிப் பெண்கள் ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டார்கள். குடும்பப் பெண் என்ற கவசம். பக்திக்காகப் பாடுகிறேன், ஆசைக்காகப் பாடுகிறேன், காசுக்காகப் பாடவில்லை. அமெச்சூர் என்ற சொல் ஆணுக்கு வெறும் பொழுதுபோக்கு. பெண்ணுக்கு அது நன்னடத்தைச் சான்றிதழ்.

அந்தக் கவசத்தோடு வந்தவர்களுக்கும் பாதை எளிதாக இல்லை. பிராமணப் பெண்கள் மேடையேறுவது வழக்கத்தில் இல்லாத காலத்தில் டி.கே. பட்டம்மாள் ஏறினார், ஆண்களின் சொத்தாக இருந்த ராகம் தானம் பல்லவியைப் பாடினார். பாலக்காடு மணி ஐயர் போன்ற ஒரு மேதை நெடுங்காலம் பெண்களுக்கு மிருதங்கம் வாசிக்காமலே இருந்தார், பிறகுதான் பட்டம்மாளுக்கு வாசித்தார். மியூசிக் அகாதெமி 1928இல் தொடங்கியது. அதன் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1968இல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. எம்.எஸ். பாடுவதைக் கேட்ட பிறகும் 1968 வரை யோசித்திருக்கிறார்கள் என்றால் மூன்றாம் மாடி அக்காவுக்கு என்ன நியாயம் கிடைத்துவிடப் போகிறது!

அந்தச் சான்றிதழ் இன்றும் செல்லுபடியாகிறது. எங்கள் விழாவில் ஸ்பீக்கர் கொண்டுவந்தவருக்குக் கூலி உண்டு. ஷாமியானாக்காரருக்கு உண்டு. பிள்ளைகளுக்கு மூன்று வாரம் நடனம் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா. “அவங்க ஆசைக்குச் செய்றாங்க, காசு குடுத்தா தப்பா நினைப்பாங்க” என்றார்கள். அதே வாயால், கோயில் திருவிழாக்களுக்கு வேனில் போய் விடிய விடியப் பாடிவிட்டு வரும் மெல்லிசைக் குழுப் பெண்ணை “ராத்திரியெல்லாம் எங்க போயிட்டு வருதோ” என்பார்கள். காசு வாங்காத பெண்ணுக்கு டப்பா, காசு வாங்கும் பெண்ணுக்குப் பழி.

தொலைக்காட்சி இதை மாற்றிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். விஜய் தொலைக்காட்சியில் சூப்பர் சிங்கர் 2006இல் தொடங்கியபோது ஒரு எபிசோடு விடாமல் பார்த்தவள் நான். சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் மைக் பிடித்துத் தலைநிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பாட்டு நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் ஒரு சடங்கு உண்டு, கவனித்திருப்பீர்கள். கல்யாணமான பெண் பாடி முடித்ததும் கேமரா அவள் கணவர் மேல் திரும்பும். தொகுப்பாளர் அவரை எழுந்து நிற்கச் சொல்வார். “இவ்வளவு சப்போர்ட் பண்ற வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய கைதட்டல்!” அந்தப் பெண் கண்கலங்கி நன்றி சொல்வாள். பாடியவள் அவள், மூச்சைப் பிடித்தவள் அவள், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் பழகியவள் அவள். தடுக்காமல் இருந்ததற்கு அவருக்குக் கைதட்டல். கல்யாணமான ஆண் பாடி முடித்ததும் மனைவியை எழுப்பி, “இவரைப் பாட விட்டீங்களே, எவ்வளவு பெரிய மனசு!” என்று யாராவது சொல்லி நான் பார்த்ததில்லை.

பெண் குழந்தைகளுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது, ஒரு வயது வரை. எட்டு வயதுப் பெண் விரகதாபப் பாட்டைக் கண்ணை மூடிப் பாடினால் எல்லோரும் உருகுவார்கள். அவளே 13 வயதில் அதே பாட்டைப் பாட வந்தால் அம்மாவே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார். “இனிமே சாமிப் பாட்டு பாடுடா கண்ணு.” எனக்குத் தெரிந்து எங்கள் குடியிருப்பிலேயே நான்கு பிள்ளைகள் அப்படி நின்றுபோனார்கள். ஒருத்தி இப்போது விழாவைத் தொகுத்து வழங்குகிறாள். நல்ல தமிழ். பாடுவதில்லை.

இப்போது என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விக்கு வருகிறேன். “அதுக்காகக் கர்ண கடூரமா பாடினாலும் பொம்பளைன்னா கைதட்டணுமா?” வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ‘சூப்பர் ஆன்ட்டி’யைவிட எனக்கு எரிச்சலூட்டும் சொல் இல்லை. அது பாட்டைக் கேட்டவர் சொல்வதில்லை, கேட்காமல் தப்பிக்க நினைப்பவர் சொல்வது. கேலி ஒரு பக்கம் என்றால் இந்தக் கருணை இன்னொரு பக்கம். இரண்டிலும் பாட்டு அனாதையாகிறது. குடியிருப்பில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், பந்தை விட்டவனை “கையில எண்ணெய் தடவிட்டு வந்தியாடா?” என்று திட்டுகிறார்கள். அடுத்த ஞாயிறும் அவனைக் கூப்பிடுகிறார்கள். அதுதான் மரியாதை. அக்காவிடம் யாராவது போய், “பல்லவி அழகா இருந்தது, சரணத்துல மூச்சு பத்தல, சுருதியை இறக்கிக்கோங்க, நோட்டைப் பாக்காம பாடுங்க” என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். சொல்லும் தகுதி எனக்கு இருந்தது. இரண்டு கோப்பை வாங்கியவள். நான் சிரிக்கும் பொம்மை போட்டேன்.

பெண்களே பெண்களுக்கு எதிரி என்று இதை எடுத்துக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். அந்தச் சோம்பேறித்தனமான வாக்கியத்தை வைத்து ஆண்கள் 14 பாட்டில் 11 பாட்டைப் பாடிவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஏன் சிரித்தேன் என்று எனக்கே பல நாள் கேட்டுப் பார்த்தேன். சிரிக்காவிட்டால் நானும் அந்த அக்காவின் பக்கம் என்று ஆகிவிடும். மேடையில் குரல் உடைய நிற்கும் பெண்ணின் இடத்தில் நான் இருக்கக்கூடும் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். 23 வருடமாகப் பாடாமல் இருப்பதை ஒரு கௌரவமாகக் காப்பாற்றி வைத்திருந்தேன். அவர் பாடி அதை அசைத்துவிட்டார்.

எங்கள் கட்டடத்தில் மேலிருந்து கீழ்வரை எல்லாச் சமையலறை ஜன்னல்களும் ஒரே இடைவெளியில்தான் திறக்கின்றன. யார் வீட்டில் மீன், யார் வீட்டில் வத்தக்குழம்பு என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வழியாக ஆறு வருடம் அக்காவின் குரல் தினமும் 11 மணிக்கு இறங்கி வந்தது. சுசீலா, ஜானகி, சில நாள் ஜிக்கி. நான் அதைத் தனியாகக் கேட்டதில்லை. காற்று வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. அந்தப் பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. அதுகூட எனக்குப் பங்குனியில்தான் உறைத்தது. மாவரைத்துக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். யாரோ பாத்திரம் துலக்கும் சத்தம். எங்கோ குக்கர் விசில்.

போய்ப் பேச எனக்கு இன்னும் எட்டு மாதம் ஆனது. கார்த்திகைப் பொரி எடுத்துக்கொண்டு போனேன். என்னவோ பேசிவிட்டு, “அக்கா, நீங்க இப்பல்லாம் பாடறதே இல்லையே?” என்றேன்.

“அதான் எல்லாரும் சிரிச்சீங்களேம்மா” என்றார். கோபமே இல்லாமல். “நீயும் அந்தச் சிரிப்பு பொம்மை போட்டிருந்தியே.”

எனக்குப் பேச வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டார், மன்னித்தேன் என்று சொல்லவில்லை. காப்பி கொடுத்தார். அப்போதுதான் மடிக்கணினிப் பையனிடம் கேட்ட கதையைச் சொன்னார். பாட்டில் எந்த இடத்தில் குரல் போகும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஏறியிருக்கிறார். “பேர் கூப்பிட்டுட்டாங்க. இறங்கி வந்தா அதுக்கும் சிரிப்பீங்க.”

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். மூன்று விஷயம் கேட்டேன். ஒத்திகை ஒன்றாவது ஞாயிறு காலை 11 மணிக்கு இருக்க வேண்டும், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். யார் பெயர் கொடுத்தாலும் அவர்கள் சுருதிக்கு ட்ராக்கை மாற்றி, முன்கூட்டியே சேமித்து வைக்க வேண்டும். மேடையில் பாடுபவரின் சம்மதம் இல்லாமல் வீடியோவைக் குழுவில் போடக் கூடாது. முதல் இரண்டுக்கும் தலையாட்டினார்கள். மூன்றாவதற்கு, “அது ஜாலிக்குப் போடறதும்மா, ரொம்ப சீரியஸா எடுத்துக்காதீங்க” என்றார் ஒருவர். அவர் போன வருடம் ‘லாலா’ போட்டவர். அந்த வீடியோவை யாராவது குழுவில் போட்டிருந்தால் ஜாலியாக இருந்திருக்குமா என்று கேட்டேன். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. மூன்றாவதும் குறிப்பேட்டில் ஏறியது.

மறுபடி மேலே போய் அக்காவிடம் சொன்னேன். அந்தப் பாட்டின் ட்ராக்கை என் கைபேசியிலேயே ஒரு கட்டை இறக்கி வைத்திருந்தேன், போட்டுக் காட்டினேன். கேட்டார். விரல் தாளம் போட்டது. வாய் திறக்கவில்லை.

“பேர் குடுக்கட்டுமாக்கா?”

“முதல்ல நீ குடு” என்றார். “நீ காலேஜ்ல பாடினவதானே. உங்க மாமியாரே சொல்லியிருக்காங்க. நீ ஏறிப் பாடு. நான் முன்வரிசைல உக்காந்து சிரிக்கிறேனா இல்லையான்னு பாப்போம்.”

பட்டியலில் ஒன்பதாவதாக என் பெயர் இருக்கிறது. பாட்டு எது என்ற கட்டம் காலியாக இருக்கிறது, சுருதி என்ற கட்டமும்தான். கல்லூரியில் ஐந்தரைக் கட்டை பாடினேன். இப்போது எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. பொங்கலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நேற்று 11 மணிக்குச் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பல்லவியைப் பாடிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே இருமல் வந்தது. மேலே ஒரு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.